வீராணத்துக்கும் கழுவேலிக்கும் போனால் எங்கே தங்குவது: ட்ரெய்லரா, வேனா, லாட்ஜா, கூடாரமா?

மார்கழி, தை இரண்டு மாதமும் கடலூரில் எங்கள் வீட்டு அலாரம் மூன்று மணிக்கே அடித்துவிடும். வடக்கேயிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்துகள் இரவெல்லாம் நெல் வயலில் மேய்ந்துவிட்டு, விடிகிற நேரத்தில் ஏரிக்குத் திரும்பும். அவை வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் அவற்றுக்கு முன்னால் நாம் கரையில் இருக்க வேண்டும். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை ஆகும். ஐந்தே முக்காலுக்கு இடம்பிடித்து, அசையாமல் உட்கார்ந்தால்தான் பறவை நம்மைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்க்கும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வீராணம் ஏரி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மரக்காணம் பக்கம் கழுவேலி சதுப்புநிலத்துக்குப் போவதானால் புதுச்சேரியைத் தாண்டி 60 கிலோமீட்டருக்கு மேல். விடியாத பனியில், தூக்கம் பாதி கண்ணோடு அவ்வளவு தூரம் ஓட்டுவதை நானும் அண்ணியும் ஒரு நாள் நிறுத்திவிட்டோம். சேத்தியாத்தோப்பு அருகே விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தோம்: முதல் நாள் சாயங்காலமே போய்விட வேண்டும், ஏரிக்குப் பக்கத்தில் தங்க வேண்டும். எதில் தங்குவது என்பதற்குத்தான் நாலு வருஷம் ஆயிற்று.

கூடாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு, தூக்கிப்போவது சுலபம். ஆனால் மார்கழிப் பனி அதை விடியற்காலையில் சொட்டச் சொட்ட நனைத்துவிடும். மேலே இன்னொரு துணி போர்த்தினாலும் தரையின் ஈரம் பாய்க்கு அடியில் ஏறிவிடும். ஏரியை ஒட்டிய வயல் வரப்பில் கண்ணாடி விரியன் நடமாடும் நேரமும் அதுதான். கழுவேலி 2021 டிசம்பரிலிருந்து பறவைகள் சரணாலயம். எல்லைக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையவே கூடாது, அப்புறம் கூடாரம் எங்கே அடிப்பது? தெரிந்தவர் வீட்டு வாசலிலோ தோப்பிலோதான் அடிக்கலாம். நாங்கள் கூடாரத்தைத் தூக்கிப் போடவில்லை. பகலில், அனுமதி உள்ள கரையோரத்தில், அதன் வாயை ஏரிப் பக்கம் திருப்பி வைத்து உள்ளே உட்கார்ந்துகொண்டால் அதைவிட நல்ல மறைப்பு கிடையாது. நீலத்தாழைக்கோழி ஒன்று பத்தடியில் வந்து கோரைக் கிழங்கைப் பிடுங்கித் தின்றது. காலால் தண்டைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிற விதத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

லாட்ஜ் நல்ல தூக்கம் தரும். வெந்நீர், கதவுக்குத் தாழ்ப்பாள், கேமரா பேட்டரி போட நாலு பிளக். பெண்கள் மட்டும் போகும்போது தாழ்ப்பாள் பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீராணத்துக்குக் கிட்டத்தில் வசதியான அறை என்றால் சிதம்பரம்தான். அங்கிருந்து ஏரிக்கரையிலுள்ள லால்பேட்டைக்கு முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய நாட்களில் ஊரே நிறைந்திருக்கும், அறை கிடைக்காது. அப்புறம் விடிகாலை நாலு மணிக்குப் பூட்டிய கேட். "தம்பி, கொஞ்சம் கேட்டைத் திறப்பா" என்று அண்ணி மூன்று முறை கூப்பிட்டு, சாவியைத் தேடி, கிளம்ப நாலரை.

லாட்ஜில் யாரும் சொல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க மூச்சு விட்டதுபோல் மங்கிவிடும். வெளிக்காற்றில் அவ்வளவு ஈரம். துடைத்தால் மறுபடி மங்கும். லென்ஸ் வெளிச்சூட்டுக்கு வர இருபது நிமிஷமாவது ஆகும், அந்த இருபது நிமிஷத்தில்தான் வாத்துகள் இறங்கும். லாட்ஜில் தங்கினால் கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில், முடிந்தால் வண்டியிலேயே பூட்டி வையுங்கள்.

ட்ரெய்லர் யோசனை என் அண்ணனுடையது. அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வீடு மாதிரி ஒரு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டோரம் நிறுத்தி, ஒரு வாரம் அதிலேயே சமைத்துத் தூங்குவார்கள். நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் வேட்டை முடிந்த கதை. அதற்கு முன்பு பெருமாள் ஏரியில் உள்ளான் சுடப் போனவர்களைப் பற்றி எங்கள் தாத்தா சொல்வார். துப்பாக்கி போனது, காத்திருப்பு மட்டும் அப்படியே நம்மிடம் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் தங்கும் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாமே என்றான் அண்ணன். பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் செய்து வைத்திருந்த பத்தடி நீள ட்ரெய்லரை இரண்டு சீசனுக்கு வாங்கி வந்தான். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மூலையில் திரை போட்ட கழிப்பிடம்.

அந்த ஊர் ஆட்களுக்கு இருக்கும் கவலை நமக்குக் கிடையாது. அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் ட்ரெய்லரின் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும், பேட்டரி சோர்ந்துவிடும், கேஸ் ஹீட்டரை இரவு முழுக்க எரிக்க வேண்டும். கடலூர்ப் பக்கம் தையில்கூட இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் ஒரு தொல்லை இரண்டு ஊருக்கும் பொது: உள்ளே தேங்கும் ஈரம். ஒரு ஆள் தூங்கும்போது மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு மூன்று பேர் படுத்தோம். காலையில் தகரக் கூரையின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர். அண்ணன் மகள் எழுந்து உட்கார்ந்ததும் ஒரு சொட்டு சரியாக அவள் கண்ணாடியில் விழுந்தது. "அத்தை, உள்ளேயே மழை பெய்யுது" என்றாள். மறுநாளிலிருந்து எதிரெதிர் ஜன்னல் இரண்டைக் கொசுவலை போட்டுத் திறந்தே வைத்தோம், சொட்டு நின்றது. அடைத்த பெட்டிக்குள் அடுப்பெரிப்பது உயிருக்கே ஆபத்து. எரிந்த கேஸின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டீ போடுவதென்றால் கதவைத் திறந்துவைத்து, அல்லது வெளியில்.

ட்ரெய்லருக்கு ஒரு பெரிய குணம் உண்டு, அதை மனசாரச் சொல்ல வேண்டும். கழுவேலிக்குப் போனபோது மரக்காணம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பில் அதைக் கழற்றி நிறுத்தினோம். அப்புறம் இரண்டு நாளும் ஜீப் மட்டும் எங்களோடு. காலையில் உப்பளம், பத்து மணிக்குத் திரும்பி வந்து இட்லி, மதியம் ஒரு தூக்கம், சாயங்காலம் எடையன்திட்டுக் கழிமுகம். படுக்கையைச் சுருட்டவில்லை, பாத்திரத்தைக் கட்டவில்லை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் இருந்து சுற்றுவட்டாரம் பார்ப்பதற்கு இதற்கு இணை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையும் அகலம், இழுத்துப் போவதில் சிரமம் இல்லை.

முதல் தடவை மட்டும் புதுச்சேரி தாண்டியதும் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது. தண்ணீர்க் கேன், அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் பின்பக்கம் ஏற்றியிருந்தோம். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் ஜீப்போடு மாட்டும் கொக்கியில் அழுந்த வேண்டும். பின்பாரம் கூடினால் கொக்கி லேசாகிவிடும், வேகம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். ஓரம் கட்டி, கனமானதையெல்லாம் அச்சுக்கு முன்னால் நகர்த்தியதும் அடங்கியது.

வீராணத்தில்தான் அது எங்களைக் கைவிட்டது. இந்த ஏரி பராந்தக சோழன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டு. நீளவாக்கில் 14 கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது. முழுக் கொள்ளளவான 47.5 அடிக்குத் தண்ணீர் நிற்கும்போது வாத்துகள் நடுவில் புள்ளியாகத் தெரியும். ஓரத்தில் தேங்கிய வயலில்தான் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நெருக்கத்தில் கிடைக்கும். அதற்காகக் கரையை விட்டுக் கிழக்கே இறங்கி, வயலுக்கு நடுவே போகும் ஒற்றைத் தார்ச்சாலையில் நுழைந்தோம். தை மாதம், சம்பா அறுவடை. எதிரில் அறுவடை மெஷினை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி.

பின்னால் எடுக்க வேண்டும். ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ட்ரெய்லரின் வால் வலது பக்கம் போகும். நீளம் குறைந்த ட்ரெய்லர் இன்னும் மோசம், ஒரு நொடியில் மடங்கி ஜீப்பின் மூலையில் வந்து இடிக்கும். அண்ணன் ஆறு முறை முயன்றான். ஏழாவது முறை ட்ரெய்லரின் வலது சக்கரம் தார் விளிம்பிலிருந்து வாய்க்கால் பக்கம் சரிந்தது. லாரிக்காரர் இறங்கி வந்து, கோபப்படாமல், "அண்ணே, கழட்டிடுங்க, தள்ளிக்கலாம்" என்றார். கழற்றினோம். அறுவடைக்கு வந்த நாலு பேர் தோள் கொடுத்து, அரை கிலோமீட்டர் தூரத்துக் களம் வரைக்கும் அதைக் கையாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். வேலை கெட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவர்களுக்கு டீ வாங்கி வரும்போது வெயில் ஏறிவிட்டது, நாரைகள் கலைந்துவிட்டன. விவசாயிகள் பாதையில், அறுவடை நாளில், நம் பொழுதுபோக்குக்காக அடைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தச் சாலைக்கு ட்ரெய்லரைக் கொண்டுபோவது தவறு. சந்தேகமே இல்லை.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் ட்ரெய்லரையும் ஒரு வாகனமாகவே கணக்கில் எடுக்கிறது. தனிப் பதிவு, தனி நம்பர் இல்லாமல் தெருவில் இறக்கக் கூடாது. பட்டறையில் செய்து வாங்குகிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

அண்ணன் ஓட்டினால்தான் ட்ரெய்லர் நகரும் என்பது எனக்கும் அண்ணிக்கும் நெருடிக்கொண்டே இருந்தது. அவனுக்கு விடுமுறை கிடைத்தால்தான் எங்களுக்கு வாத்து. எங்களிடம் ஏற்கெனவே இருந்த சின்ன வேனைப் பற்றி அண்ணிதான் பேச்செடுத்தார். "நீதான் தினம் ஓட்டுறியே, இதுலயே படுத்தா என்ன?" என்றார். பின் சீட்டை மடித்து, மேலே கழற்றி மாட்டுகிற ப்ளைவுட் பலகை இரண்டு, அதன் மேல் இலவம்பஞ்சு மெத்தை. வண்டியில் எதையும் வெட்டவில்லை, வெல்டு வைக்கவில்லை. பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வேண்டும். கழற்றி வைக்கிற பலகை என்பதால் அந்தப் பேச்சு வரவில்லை. ஜன்னல் அளவுக்குக் கொசுவலை வெட்டி, ஓரத்தில் காந்தப் பட்டை வைத்துத் தைத்தோம். கதவுச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1,200 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 600. இருபது வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 160. விளக்கு, போன், கேமரா எல்லாம் சேர்த்தாலும் இரண்டு இரவு தாங்குகிறது. ஏசியை மறந்துவிடலாம், தேவையும் இல்லை. லென்ஸ் வெளிச்சூட்டிலேயே இருப்பதால் மங்குவதும் இல்லை.

கழிப்பிடம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனென்றால் பல பெண்கள் ஏரிக்கரைக்கு வராததன் காரணமே அதுதான். விடிகாலை நாலு மணியிலிருந்து பத்து மணி வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மூடியுள்ள பக்கெட் கமோடு ஒன்று, அதில் தூவத் தென்னைநார்க் கழிவு ஒரு பை. பின் கதவைத் தூக்கி மூன்று பக்கமும் தார்ப்பாய் தொங்கவிட்டால் அறை தயார். நார்க் கழிவு ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மூடி போட்டு வீட்டுக்கே கொண்டுவருகிறோம், ஏரிப் பக்கம் ஒரு சொட்டு விடுவதில்லை. ட்ரெய்லரின் கழிப்பிடம் இதைவிட வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நான் போக வேண்டிய இடத்துக்கு வராது.

வேனின் குறை இடம். இரண்டு பேருக்கு மேல் முடியாது. அண்ணன் மகள் வந்தால் தோப்பிலோ வீட்டு முற்றத்திலோ நிறுத்தி, பக்கத்தில் அவளுக்குக் கூடாரம். நிமிர்ந்து நிற்க முடியாது, உடை மாற்றப் படுத்துக்கொண்டே மாற்ற வேண்டும். எங்காவது போக வேண்டுமானால் படுக்கையைக் கலைக்க வேண்டும். மழை பிடித்தால் தார்ப்பாய் அறை நிற்காது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது 2024 நவம்பர் 30. அதனால் கார்த்திகையில் எந்த ஏற்பாட்டையும் நம்பி நாங்கள் கிளம்புவதில்லை, மார்கழி பாதிக்கு மேல்தான்.

இடத்துக்கு இடம் பதில் மாறும். ஊசுட்டேரி புதுச்சேரியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான், வீட்டில் தூங்கிவிட்டுப் போங்கள். பிச்சாவரத்தில் படகு விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பும், சிதம்பரத்து லாட்ஜே போதும். கழுவேலிக்கு இரண்டு நாளுக்கு மேல், நாலு பேர் என்றால் ட்ரெய்லர். வீராணத்துக்கு வேன்.

எங்கே நிறுத்துவது என்பதில் எங்கள் வழி ஒன்றுதான்: இருட்டுவதற்கு முன் போய், ஊர்க்காரரிடம் கேட்டு, ஒரு வீட்டு வெளிச்சம் படும் இடத்தில் நிறுத்துவது. லால்பேட்டை தாண்டி ஒரு டீக்கடை அக்கா தன் வீட்டு முற்றத்தைக் கொடுக்கிறார். போன வாரம் போனில் கேட்டேன். "வாத்து வந்துடுச்சாக்கா?" "வந்துடுச்சும்மா, ராத்திரி வயல்ல ஒரே சத்தம். நீ எப்ப வர?" பொங்கலை ஒட்டி நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. அண்ணன் ட்ரெய்லரோடு மரக்காணம் தோப்புக்கு, நானும் அண்ணியும் வேனில் அக்கா வீட்டு முற்றத்துக்கு. கொசுவலையில் ஒரு மூலை பிரிந்திருக்கிறது, அதை இன்றைக்குத் தைக்க வேண்டும்.