பெரிய ரோபோவா, சின்ன ரோபோவா? குழந்தைகள் முன்னால் எதை இறக்குவது

ஜனவரியில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவுக்கு மகளின் ரோபோ அணியைக் கூப்பிட்டிருந்தார்கள். “லைப்ரரியில வளையம் எறிஞ்சுதே, அந்தப் பெரிய ரோபோவையே கொண்டு வாங்க தம்பி” என்றார் விழாவைக் கவனித்துக்கொண்ட அக்கா. நாங்கள் சின்ன ரோபோக்கள் இரண்டைக் கொண்டுபோனோம். அடுத்த முறையும் அதையேதான் செய்வேன். அமெரிக்காவில் பிள்ளைகளை இந்த அணிகளில் சேர்த்திருக்கும் பெற்றோர் பலரும் இதே கேள்வியோடு இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் ஆடுவது எஃப்ஆர்சி எனப்படும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெரிய ரோபோ கட்டி மோதுவது. நான் அங்கே நான்கு ஆண்டுகளாக வழிகாட்டி. கையில் இருக்கும் பெரிய ரோபோ 2024-இல் ‘கிரெசெண்டோ’ ஆட்டத்துக்காகக் கட்டியது. 14 அங்குல ஆரஞ்சு நுரை வளையங்களைத் தரையிலிருந்து இழுத்து எடுத்து வீசும். அந்த ஆண்டு எடை வரம்பு, ரோபோவைச் சுற்றி மாட்டும் பம்பர் மெத்தையும் பேட்டரியும் சேராமல் 125 பவுண்டு. எல்லாவற்றையும் மாட்டி நிறுத்தினால் எங்களுடையது 65 கிலோவுக்குக் குறையாது. சின்ன ரோபோக்களை, அதே ஃபர்ஸ்ட் அமைப்பு சிறிய ரோபோக்களுக்கு நடத்தும் எஃப்டிசி போட்டிக்கான பாகங்களை வைத்துப் பிள்ளைகளே செய்தார்கள். ஒட்டுப்பலகை அடித்தளம், நான்கு சக்கரம், முன்னால் திறந்து மூடும் ஒரு கை, அவ்வளவுதான்.

கூட்டம் சேர்க்கப் பெரியதுக்கு ஈடே இல்லை. முன்பு நூலகத்தில் ஓட்டிக் காட்டியபோது, முதல் வளையம் பறந்ததும் நூலகத்தின் அந்தக் கோடியில் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். நுரை வளையம் என்பதால் மேலே பட்டாலும் வலிக்காது. குழந்தைகள் ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முதல் பத்து நிமிடம் அமர்க்களமாக இருக்கும். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. ஆறு வயது இருக்கும், ஒரு பையன் தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி அரைமணி நேரத்துக்கும் மேல் நின்றான். கடைசியில் என் மகளிடம், “என் முறை எப்போது?” என்று கேட்டான். அவளிடம் பதில் இல்லை. அந்த ரோபோவை அவன் கையில் கொடுக்க முடியாது. வீட்டுக்கு வரும்வரை அவள் காரில் பேசவே இல்லை.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரோபோவில் உள்ள ஆரஞ்சு விளக்கு மின்னாமல் எரிந்தால் ரோபோ ஓய்வில் இருக்கிறது. மின்னினால் எந்த நொடியும் நகரலாம், கயிற்றுக்குள் யாரும் போகக் கூடாது. ரோபோவை இயக்கும் மடிக்கணினி அருகே இருப்பவரின் விரல் எப்போதும் என்டர் விசைமேல் இருக்க வேண்டும், அதை அழுத்தினால் ரோபோ ஓய்வுக்குப் போய்விடும். இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் அணிகள் பெரியதையும் பத்திரமாகவே ஓட்டுகின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

பேட்டரியிலிருந்து தொடங்குகிறேன். பெரியதில் இருப்பது 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. ஒன்று ஆறு கிலோ வரும். 2024 போட்டியில் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய வேறு பேட்டரி போடுவார்கள். விழாவில் மெதுவாக ஓட்டினால் அதைவிட நெடுநேரம் வரும் என்றாலும், வீசும் சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தால் எங்களுக்கு அரைமணி தாண்டியதில்லை. மின்னழுத்தம் ரொம்ப இறங்கினால் ரோபோவின் மூளையான ரோபோரியோ கணினி தானே மோட்டார்களைத் துண்டிக்கும். குழந்தைகள் கண்ணெதிரே ரோபோ திக்கித் திக்கி நிற்கும். தீர்ந்த பேட்டரி திரும்ப ஏற மணிக்கணக்காகும். ஆக இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு நான்கைந்து பேட்டரி, சார்ஜர், தள்ளுவண்டி, தூக்க இரண்டு பேர், சரிவுப் பலகை உள்ள வண்டி என்று பட்டியல் நீளும். நூலகத்துக்குப் போனபோது சாமான் ஏற்றி இறக்கிய நேரம் நிகழ்ச்சி நேரத்தைவிட அதிகம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பாகங்கள். எஃப்ஆர்சியில் அந்தந்த ஆண்டுக்கான புதிய ஆட்டத்தை ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அறிவிப்பார்கள். மார்ச்சில் போட்டிகள் சூடுபிடித்துவிடும். எங்களைப் போல நிதி குறைவான அணிகளில் பழைய ரோபோவின் மோட்டார்களும் ரோபோரியோவும் புதியதுக்குப் போய்விடும். பொங்கல் வருவது சரியாக அந்த நேரத்தில். தமிழ்ப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது எங்கள் 2024 ரோபோவில் வளையத்தை உள்ளே இழுக்கும் உருளைக்கு மோட்டாரே இல்லை. ஒரு சனிக்கிழமைக்காக எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஒயர் இழுத்து, சோதித்து, திங்கட்கிழமை மறுபடி கழற்றுவதற்கு நான்கு மாணவர்களின் இரண்டு மாலைகள் வேண்டும். கட்டுமான வாரங்களில் அந்த மாலைகளை அவர்களிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

சின்னவை இரண்டும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் எப்போதும் தயாராக இருக்கின்றன. 12 வோல்ட் நிக்கல் பேட்டரி, கையளவுதான், தனியாக நான்கு வைத்திருக்கிறோம். குழந்தைகள் ஜாய்ஸ்டிக்கைக் கோடிவரை தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றுவார்கள், சுவரில் மோதுவார்கள். அதனால் சக்கரம் கழலும், இடுக்கிக் கையின் விரல் உடையும். விரல்களை முப்பரிமாண அச்சில் எடுத்து ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறோம். இரண்டு திருகாணி, ஐந்து நிமிடம். ஒன்று பழுதில் இருக்கும்போது மற்றது ஓடுகிறது, வரிசை நிற்பதில்லை. வேகத்தை நிரலிலேயே மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறோம். எஃப்டிசி நிரலில் இரண்டு கன்ட்ரோலர்களைச் சேர்க்கலாம்: ஒன்று குழந்தையிடம், இன்னொன்று மாணவரிடம். ரோபோ தடுப்பைத் தாண்டப் போனால் மாணவர் லேசாகத் திருப்பிவிடுவார். பெரும்பாலும் குழந்தைக்கு அது தெரியவே தெரியாது.

விளையாட்டைப் பொங்கலுக்கேற்ப மாணவர்களே அமைத்தார்கள். பம்பருக்குள் வைக்க வாங்கும் நீச்சல்குள நுரைக் குழாய்களில் ஊதா நிறத் துண்டுகள் மிச்சம் இருந்தன. அவற்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் கரும்பு ஆக்கினார்கள். ரோபோவை ஓட்டிப்போய்க் கரும்பைக் கவ்வி, தரையில் ஒட்டிய கோலத்துக்குள் கொண்டுவந்து போட வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு ரோபோவில் மணிக்கு முப்பது குழந்தைகள், இரண்டிலும் அறுபது. இடையில் நின்ற நேரத்தைக் கழித்தும் அன்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரு முறையாவது கிடைத்தது. “மாமா, இன்னொரு தடவை!” என்று திரும்பி வந்தவர்களும் உண்டு.

எண்ணிக்கையைப் பற்றி மற்ற வழிகாட்டிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். சமூகத்தில் நல்ல தாக்கம் ஏற்படுத்தும் அணிக்குத் தரும் ஃபர்ஸ்ட் இம்பாக்ட் விருதுக்கு, அதாவது 2022 வரை சேர்மன்ஸ் விருது என்றிருந்ததற்கு, விண்ணப்பிக்கும் அணிகள் இந்த நிகழ்ச்சிகளையெல்லாம் கணக்கில் சேர்க்கின்றன. கூட்டத் தலைகளை எண்ணினால் பெரிய ரோபோதான் ஜெயிக்கும். நாங்கள் இந்த ஆண்டு முதல் எத்தனை பேர் கையால் ஓட்டினார்கள் என்று தனியாகக் குறித்து வைக்கிறோம். அந்த எண் சிறியதுதான், ஆனால் மாணவர்களுக்குப் பெருமை அதில்தான் இருக்கிறது.

மேசையில் லெகோவையோ, கருவி எதுவும் இல்லாமல் கோக்கக்கூடிய எக்ஸ்ஆர்பி ரோபோக்களையோ பரப்பிவைப்பது மூன்றாவது வழி. உட்கார்ந்து செய்யும் பட்டறைக்கு அது அருமை. வந்து போய்க்கொண்டிருக்கும் விழாக் கூட்டத்தில் துண்டுகள் தொலைந்துதான் போகும்.

இரண்டு இடத்தில் என் அனுபவம் போதாது. ஒன்று, நான்கு வயதுக்குக் கீழே. அன்று வந்த மூன்று வயதுக் குழந்தைகளில் பாதிப்பேர் கன்ட்ரோலரை விட்டுவிட்டு ரோபோவைக் கையால் தூக்கவே பார்த்தார்கள். அவர்களுக்குப் பறக்கும் வளையமே மேல் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். இன்னொன்று, திறந்தவெளி. புல்தரையில் சின்னச் சக்கரங்களை நாங்கள் ஓட்டிப் பார்த்ததில்லை. ஜூலை 4 அணிவகுப்பில் ஒருமுறை பெரியதைத் தார்ச் சாலையில் ஓட்டினோம், அது நன்றாகவே போனது. கூட்டம் நிறைந்த ஓர் அரங்கில் வைஃபை நெரிசலால் சின்னது தாமதமாக நகர்ந்ததும் ஒருமுறை நடந்தது. அந்த அரங்கில் மட்டும்தானா, எங்கும் அப்படித்தானா என்று ஒரே நிகழ்ச்சியை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அந்த அக்காவின் ஆசையும் நியாயமானதுதான். அடுத்த பொங்கலுக்குப் பெரியது எந்த நிலையில் இருந்தாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோவோம். குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளட்டும், மோட்டார் இருந்த காலி இடத்துக்குள் எட்டிப் பார்க்கட்டும். பக்கத்திலேயே சின்னவை இரண்டும் ஓடும். மூன்றாவதாக ஒன்றை இந்தக் கோடையில் செய்யச் சொல்லியிருக்கிறேன். உடைந்த விரலை மாற்றும்போது ஒரு சிறுமி கிட்டே வந்து உட்கார்ந்து, “இது எப்படித் திறக்குது?” என்று கேட்டாள். என் மகள் கரும்பு வரிசையை நண்பனிடம் விட்டுவிட்டுத் திருப்புளியை அவள் கையில் கொடுத்தாள். அந்த மூன்றாவது ரோபோ அதற்காக: ஓட்டுவதற்கல்ல, கழற்றிப் பார்ப்பதற்கு.