ஆர்ச் விக்கியில் எழுதிப் பார்த்த அனுபவம்

ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடாதவர்கள்கூட, அதன் பயனர்களே எழுதும் இணையக் கையேடான ஆர்ச் விக்கியைப் படித்திருப்பார்கள். உபுண்டுவோ ஃபெடோராவோ, எந்த லினக்ஸாக இருந்தாலும் ப்ளூடூத் மக்கர் பண்ணினால் தேடித் தேடி கடைசியில் போய் நிற்கிற இடம் அதுதான். நானும் ஏழெட்டு வருஷம் ஓசியில் படித்துவிட்டு நகர்ந்தவன்தான். எழுத ஆரம்பித்தது போன வருஷம். படிக்க எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். எழுதப் போனால் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் இந்த விமர்சனம்.

முதல் வாசலே குறுகல். கணக்கு இல்லாமல் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. நான் கணக்குத் தொடங்கியபோது, வழக்கமான கோணல்மாணல் எழுத்துப் படத்துக்குப் பதிலாக ஒரு கமாண்டைக் கொடுத்து, இதை ஓட்டினால் என்ன வரும் என்று கேட்டது. அந்தக் கமாண்டுக்குள் பேக்மேன் இருந்தது. அது ஆர்ச்சில் மென்பொருள்களை நிறுவும் பேக்கேஜ் மேனேஜர். மற்ற மெஷினில் ஓட்டினால் ஒன்றும் வராது. நான் அப்போது ஆபீஸ் லேப்டாப்பில், உபுண்டுவில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் பதில் போட்டேன். ஸ்பாம் கும்பலை வடிகட்ட நல்ல சல்லடை. விஷயம் தெரிந்த, ஆனால் ஆர்ச் போடாத ஆளும் அதிலேயே தங்கிவிடுவார் என்பதுதான் குறை.

நான் எழுதப் போனதற்குக் காரணம் தமிழ்99. எஃப்சிட்டிக்ஸ் 5 என்ற உள்ளீட்டுச் செயலியில் எம்17என் பேக்கேஜைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். ஆனால் அது வேலை செய்ய, என்னுடைய பழைய செட்டப்பில் மூன்று என்விரான்மென்ட் வேரியபிள்களை, அதாவது செயலிகள் திறக்கும்போது பார்த்துக்கொள்ளும் அமைப்புகளை, வைக்க வேண்டியிருந்தது. அவற்றை எங்கே வைப்பது என்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. கடைசியில் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் போட்டேன். டெர்மினலிலிருந்து டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து அடித்தேன், தமிழ் வந்தது. உடனே விக்கிக்குப் போய், நான் எப்படிக் கஷ்டப்பட்டேன், எப்படித் தீர்த்தேன் என்று இரண்டு பத்தி எழுதிவிட்டேன். அடுத்தவர் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிய பெருமையோடு தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் இரண்டு பத்தியும் இல்லை.

யார் எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக் காரணம் இருந்தது. பாஷ்ஆர்சியைப் படிப்பது டெர்மினலில் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல் மட்டுமே, மெனுவிலிருந்து திறக்கும் செயலிகளுக்கு அது போய்ச் சேராது என்று பொருள். எனக்குச் சுருக்கென்றது. என் மெஷினில் ஓடுகிறதே என்று சண்டை போடுகிற மனநிலையில், அதே டெக்ஸ்ட் எடிட்டரை மெனுவிலிருந்து திறந்தேன். தமிழ்99-இல் 'அம்மா' என்று அடித்தேன். ஏ, கே, கே, க்யூ என்று நான்கு ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. டெர்மினலிலிருந்து திறந்தால் அம்மா, மெனுவிலிருந்து திறந்தால் ஏகேகேக்யூ. நான் சோதித்தபோது டெர்மினல் வழியாக மட்டும்தான் சோதித்திருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. இது அங்கேயே இருந்திருந்தால் எத்தனை பேர் மெனுவிலிருந்து திறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்!

சரி என்று அப்புறம்தான், முதலிலேயே படித்திருக்க வேண்டிய பங்களிப்பு விதிகளைப் படித்தேன். முக்கியமானவை மூன்றுதான். ஒரே எடிட்டில் பத்து வேலையைத் திணிக்காதே. ஒவ்வொரு எடிட்டுக்கும் காரணம் எழுது. பெரிதாக மாற்றப் போகிறாய் என்றால் முதலில் அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் சொல். மூன்றாவதைச் செய்திருந்தாலே எனக்கு அந்த மூக்குடைப்பு இருந்திருக்காது.

நடை விதிகள் தனி. அங்கேதான் எனக்கு நிஜமான பாடம். 'நான்' கூடாது, சொந்தக் கருத்து கூடாது, கட்டுரைக்குள் கையெழுத்துப் போடக் கூடாது. கமாண்டுக்கு முன்னால் டாலர் குறி இருந்தால் சாதாரண யூசர், ஹேஷ் குறி இருந்தால் ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள யூசர். ஆகவே ரூட் அதிகாரத்தோடு ஓட்டுவதற்கான சூடோவைப் போகிற போக்கில் போட்டு எழுதும் பழக்கத்தை விட வேண்டும். ஒரு பேக்கேஜை நிறுவச் சொல்ல பேக்மேன் கமாண்டை எழுதக் கூடாது, இந்தப் பேக்கேஜை நிறுவுங்கள் என்று இணைப்போடு எழுதினால் போதும். எப்படி நிறுவுவது என்பதற்கு வேறு பக்கம் இருக்கிறது, அதை நூறு இடத்தில் திருப்பிச் சொல்லாதே என்பதுதான் விஷயம். இந்த விதிகளை வைத்து என் இரண்டு பத்தியை மறுபடி பார்த்தேன். கஷ்டக் கதை போயிற்று. 'அருமையாக ஓடியது' போயிற்று. மிஞ்சியது மூன்று வரி. அதையும் பேச்சுப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.

இந்தக் கறார் பிடிக்காதவர்கள் இருப்பார்கள். எனக்குப் பிடித்ததற்கு நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆபீஸ் காரணம். அங்கேயும் ஒரு விக்கி இருந்தது. யாரும் எதையும் அழிக்கக் கூடாது என்று எழுதப்படாத சட்டம். 'புது சர்வர் செட்டப்', 'புது சர்வர் செட்டப் 2', 'புது சர்வர் செட்டப் கடைசி' என்று மூன்று பக்கம். மூன்றிலும் மூன்று ஐபி முகவரி, எதுவும் உயிரோடு இல்லை. 'கடைசி' பக்கத்தில், சந்தேகம் இருந்தால் இன்னாரைக் கேட்கவும் என்றிருக்கும். அந்த இன்னார் நான் சேருவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார்.

ஆர்ச் விக்கியில் பழசாகிப்போன பகுதியின் தலையிலேயே ஒரு பட்டை ஒட்டிவிடுவார்கள். இது காலாவதி, இது சரிதானா என்று சந்தேகம், இதை இன்னும் விரிக்க வேண்டும், இதை அந்தப் பக்கத்தோடு சேர்க்க வேண்டும் என்று வகைவகையாக இருக்கிறது, காரணத்தோடு. படிப்பவருக்கு அது எச்சரிக்கை. எழுத வருபவருக்கு அதுதான் வேலைப் பட்டியல். புதிதாகப் பக்கம் தொடங்க ஆசைப்படாமல் இந்தப் பட்டைகளில் ஒன்றைச் சரிசெய்வதில் ஆரம்பிக்கலாம். நான் பெயர் மாறிப்போன இரண்டு பேக்கேஜுகளையும் ஒரு செத்த இணைப்பையும் திருத்தினேன். பத்து நிமிஷ வேலை, யாரும் கை வைக்கவில்லை.

எடிட்டர் விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கிதான். அதில் பழகியவருக்குப் புதிதாகக் கற்க ஏதுமில்லை, இங்கேயுள்ள டெம்ப்ளேட்டுகளைத் தவிர. நாம் எழுதுவது, யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் விடுகிற குனூ கட்டற்ற ஆவண உரிமத்தின் கீழ் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆபீஸ் ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டுகிற யோசனை இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு குறை, வறட்சி. ஒரு பக்கம் ஏன் இப்படிச் செய்யச் சொல்கிறது என்று புரியாமல் நாலு பக்கம் தாவ வேண்டியிருக்கும். எழுதும்போது அந்த 'ஏன்' என்பதைச் சேர்க்கக் கை பரபரக்கும், ஆனால் அது வேறு பக்கத்தில் ஏற்கனவே இருக்கும். புதியவருக்கு இது சிரமம்தான். போகிற போக்கில் ஒன்று: விக்கி முழுவதையும் ஆஃப்லைனில் படிக்க ஆர்ச்-விக்கி-டாக்ஸ் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. வைஃபை போய்விட்டால் வைஃபை பக்கத்தைத் திறக்க வழியில்லையே, அதற்காக இதை இப்போதே போட்டு வையுங்கள்.

கடைசியாகச் செய்தது என் லேப்டாப்புக்கான பக்கம். லேப்டாப் பக்கங்களுக்கு ஒரு வார்ப்பு உண்டு: வன்பொருள், அதன் அடையாள எண் (ஐடி), வேலை செய்கிறதா என்று ஓர் அட்டவணை. வெப்கேம், டச்பேட், ப்ளூடூத் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஐடிகளை எழுதி, ஆம், ஆம், ஆம் என்று நிரப்பினேன். இந்த முறை மெனுவிலிருந்தும் திறந்து பார்த்தேன். கைரேகை ரீடரில் மட்டும் மூன்று நாள் மல்லுக்கட்டியும் முடியவில்லை. 'இல்லை' என்று போட்டுவிட்டு வந்தேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது. உங்களிடம் அதே மாடல் இருந்து, அதே ரீடர் ஓடினால், தயவுசெய்து என்னுடைய 'இல்லை'யை அழித்துவிடுங்கள். காரண வரியை மறக்காதீர்கள்.