எல்.எஸ். பெல்ட்: உட்கார்ந்தால் மேலேறும் சனியன்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்’ (கீழ்முதுகில் ரெண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறது) என்று ஒரு வரி வந்துவிட்டால் அடுத்த கேள்வி, “எந்த பெல்ட் நல்லது?” இந்த வாரமும் ஒரு நண்பர் கேட்டார். எல்.எஸ். பெல்ட் என்பது கீழ்முதுகுக்குத் தாங்கலாக இடுப்பில் கட்டுவது: முதுகுப்பக்கம் விறைப்பான நாலு பட்டை, முன்னால் வெல்க்ரோ, பக்கவாட்டில் இழுத்து ஒட்டும் எலாஸ்டிக். மெடிக்கல் ஷாப்பில் தொங்குவதெல்லாம் ஏறக்குறைய இதுதான், அதனால் பிராண்டு பஞ்சாயத்துக்குப் போகவில்லை.

என் எரிச்சல் ஒன்றே ஒன்று: உட்கார்ந்தால் மேலேறுகிறது. நிற்கும்போது இடுப்பெலும்பைக் கவ்விக் கச்சிதமாக இருக்கும். நாற்காலியில் அமர்ந்ததும் முன்விளிம்பு தொடையில் முட்டி, மொத்தமும் நாலு விரற்கடை மேலே போய் விலாவில் குத்தும். ஸ்கூட்டரில் கேட்கவே வேண்டாம், ரெண்டு வேகத்தடைக்குள் சட்டைக்குள் ஒரு மேடு.

நியாயமாகச் சொன்னால் பாதித் தப்பு கட்டுகிற விதத்தில். பேண்ட் சைஸைச் சொல்லி வாங்காதீர்கள். 34 பேண்ட் போடுகிறவருக்கு டேப் 37 காட்டலாம். பெட்டியில் போட்ட படம் எங்கே அளக்கச் சொல்கிறதோ அங்கே அளங்கள். மெல்லிய பருத்தி பனியனுக்கு மேலே, படுத்தபடி கட்ட வேண்டும். பெல்ட்டைக் கட்டிலில் விரித்து, ஒருக்களித்து அதன்மேல் உருண்டு, கீழ்விளிம்பு பிட்டத்தின் மேல்பகுதியைத் தொடுகிறதா என்று பாருங்கள். முதலில் நடு வெல்க்ரோ. பிறகு ரெண்டு எலாஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் இழுத்து ஒட்டுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தால் பட்டைகள் முதுகுத்தண்டை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். உள்ளே ஒரு உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் சரி. மூச்சு முட்டினால் இறுக்கம் அதிகம். இத்தனையும் செய்தால் நாலு விரற்கடை ரெண்டாகும். அவ்வளவுதான்.

வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் பனியன் பிசிறை வாரிக்கொண்டு பிடிப்பை இழக்கும். பழைய பல்துலக்கியால் வாரினால் மீளும். துவைக்கும்போது பட்டைகளை உருவிவிட்டு, வெல்க்ரோவை ஒட்டிவைத்து, கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

இனி அதன்மேல் சுமத்தப்படும் பொய்க்கு வருவோம். பிதுங்கிய டிஸ்க்கை இது உள்ளே தள்ளாது. இடுப்புவலிக்கும் சயாட்டிகாவுக்கும் (நரம்பு அழுந்திக் காலில் இறங்கும் வலி) பெல்ட் கொடுக்க வேண்டாம் என்றே, சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. பலருக்கு டிஸ்க்கால் வரும் கால்வலி 6 முதல் 12 வாரத்தில் தானாகவே தணியும். பேர் பெல்ட்டுக்குப் போகும். பாதம் தூக்க வரவில்லை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போகிறது, சிறுநீர் வர மறுக்கிறது என்றால் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆனால் எதிர்பாராத ஒரு நன்மை அந்தக் குத்தலிலேயே இருக்கிறது. கீழே விழுந்த சாவியை எடுக்க முதுகை வளைத்தால் பட்டை உடனே விலாவில் இடிக்கும். வேறு வழியில்லாமல் ஒரு காலைப் பின்னால் வைத்து, இடுப்பு மூட்டில் மடங்கி எடுப்பீர்கள். காலை எழுந்த முதல் ஒரு மணிநேரம் இது தங்கம்: ராத்திரி படுத்திருக்கையில் டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அதன் வெளி வளையத்துக்கு அழுத்தம் கூடுதல். பல் துலக்கக் குனிகிற இடத்தில்தான் பலருக்குப் பிடித்துக்கொள்கிறது. பிசியோ பத்துத் தடவை சொல்லியும் வராத பழக்கத்தை இந்தப் பட்டை ரெண்டு வாரத்தில் கொண்டுவந்துவிடும்.

இத்தனை சொல்லிவிட்டு நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். நல்ல பிசியோவிடம் ரெண்டு முறை போகலாம் அந்தக் காசுக்கு. கேட்க மாட்டேன் என்றால் பின்பக்க உயரம் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பில் கட்டுவதற்கு முன் கடை ஸ்டூலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்காமல் வராதீர்கள்.