சீசன் முடிவைக் கணிக்க: அட்டவணையை எண்ணுவதா, புள்ளி வித்தியாசத்தைப் பார்ப்பதா?

அக்டோபர் பிறந்தால் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ரசிகர்களுக்கு ஒரே வேலைதான். நம்ம அணி 82 ஆட்டத்தில் எத்தனை ஜெயிக்கும், தன் கான்ஃபரன்ஸில் (கிழக்கு, மேற்கு என்ற இரண்டு பிரிவுகளில் ஒன்று) எத்தனையாவது இடத்தில் முடிக்கும் என்று ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிவைப்பார்கள். முதல் ஆறு இடம் என்றால் நேரே பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள். ஏழிலிருந்து பத்து வரை என்றால் பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டங்களான பிளே-இன் என்ற கத்திமுனை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் பல வருடங்களில் ஒன்றிரண்டு வெற்றிதான் வித்தியாசம். அதனால் கணிப்பு மூன்று நான்கு ஆட்டம் தவறினாலும் கதையே மாறிவிடும்.

கணிக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் போகிறார்கள். போன வருட முடிவை வைத்துக் கூட்டிக் கழிப்பது ஒன்று. அட்டவணையை விரித்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெற்றி, தோல்வி என்று குறிப்பது இன்னொன்று. மூன்றாவது, அணி சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது என்று பார்ப்பது. நான் சில சீசன்களாக மூன்றாவதில்தான் இருக்கிறேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன வருடக் கணக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரிதாக ஆள் மாறாத அணிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆள் மாறினால் கவிழ்ந்துவிடும். பாஸ்டன் 2006-07ல் 24 ஆட்டம் ஜெயித்தது; நட்சத்திர ஆட்டக்காரர்கள் கார்னெட்டும் ரே ஆலனும் வந்து சேர்ந்த அடுத்த சீசனில் 66 ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது. டெட்ராய்ட் 2023-24ல் தொடர்ச்சியாக 28 தோல்வி கண்டு 14 வெற்றியோடு முடித்தது, மறு வருடம் 44. கீழே விழுந்த கதையும் உண்டு. நட்சத்திர ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் காயத்தில் உட்கார்ந்துவிட, சான் அன்டோனியோ 59லிருந்து 20க்கு வந்தது 1996-97ல். இந்த மூன்றில் ஒன்றைக்கூட போன வருட எண் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

அமெரிக்கப் பந்தய நிறுவனங்கள் சீசனுக்கு முன் ஒவ்வொரு அணிக்கும் 47.5, 38.5 என்று ஒரு வெற்றி எண்ணை வெளியிடும். அதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சராசரி ரசிகரின் கணிப்பைவிட அது துல்லியமாகவே இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது விடைத்தாளைப் பார்த்து எழுதுவது மாதிரி. ஏன் அந்த எண் என்று யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. அதனால் இந்த அலசலில் அதைச் சேர்க்கவில்லை.

உண்மையான போட்டி அட்டவணைக்கும் புள்ளி வித்தியாசத்துக்கும்தான்.

அட்டவணை வழியில் ஒரு சுகம் இருக்கிறது. நவம்பரில் ஐந்து ஆட்டம் தொடர்ந்து வெளியூர், ஜனவரியில் அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சான் அன்டோனியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அரங்கத்தில் பிப்ரவரியில் ரோடியோ (மாடு, குதிரை அடக்கும் விழா) நடக்கும் என்பதால் அணி வருடாவருடம் நீண்ட வெளியூர்ப் பயணம் போகும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் ரசிகர் பிப்ரவரியில் நான்கு தோல்வி வந்தால் பதற மாட்டார். புள்ளி வித்தியாசம் மட்டும் பார்க்கிறவர் பதறுவார். சீசனுக்கு முன் கையில் எந்த எண்ணும் இல்லாத நேரத்தில், உட்கார்ந்து எண்ண ஏதாவது வேண்டும் என்பதும் உண்மை. அதிலும் 2023-24 முதல் ஒரு சின்னச் சிக்கல்: சீசன் நடுவே நடக்கும் கோப்பைப் போட்டிக்காக ஆகஸ்டில் 80 ஆட்டங்களைத்தான் அறிவிக்கிறார்கள். மீதி இரண்டு யாரோடு என்பது டிசம்பரில்தான் தெரியும்.

ஆனால் இந்த வழியில் அடிமட்டத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ஒரு அணிக்கு 50 ஆட்டங்களில் ஜெயிக்க 65 சதவீத வாய்ப்பு, மீதி 32 ஆட்டங்களில் 35 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பேனாவோடு உட்காரும் ரசிகர் முதல் ஐம்பதையும் வெற்றி என்று குறிப்பார், அடுத்த முப்பத்திரண்டையும் தோல்வி என்று குறிப்பார். 50-32 என்று வரும். ஆனால் வாய்ப்பை வைத்துக் கணக்குப் போட்டால் ஐம்பதில் 32, 33 வெற்றி. முப்பத்திரண்டில் 11 வெற்றி. மொத்தம் 44க்குப் பக்கம்தான். ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தப்பாக எடைபோடவில்லை. ஆனாலும் ஆறு வெற்றி உபரியாக வந்துவிட்டது. 'ஜெயிக்க வாய்ப்பு அதிகம்' என்பதை 'ஜெயிக்கும்' என்று எழுதியதால் வந்த உபரி அது. இதனால்தான் அக்டோபரில் எல்லா நல்ல அணியின் ரசிகர்களும் 55க்கு மேல் சொல்கிறார்கள், எல்லா மோசமான அணியின் ரசிகர்களும் 18 என்று தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள்.

சரி, புள்ளி வித்தியாசத்துக்கு வருவோம். கணக்கு ரொம்ப எளிது. சராசரி அணிக்கு 82ல் பாதி, அதாவது 41 வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு புள்ளி கூடுதலாக எடுத்தால் சீசனுக்குச் சுமார் 2.7 வெற்றி கூடும். +5 என்றால் 54 அல்லது 55. -4 என்றால் 30. பேஸ்பாலில் புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸ் போட்ட இதே மாதிரிக் கணக்கை, பின்னால் என்பிஏ அணி நிர்வாகியான டாரில் மோரி கூடைப்பந்துக்குப் பொருத்தினார். எடுத்த, கொடுத்த புள்ளிகளை 13.91 என்ற அடுக்குக்கு உயர்த்தும் அந்தச் சூத்திரம் இதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது. வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்குக்கு 2.7 போதும்.

வெற்றி தோல்விப் பட்டியலே இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கடைசி நிமிட ஆட்டங்கள்தான் காரணம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஐந்து புள்ளிக்குள் நெருங்கி நிற்கும் ஆட்டம் ஒரு பந்தில் திரும்பிவிடும். அப்படி ஒரு சீசன் முழுக்க ஜெயித்துக்கொண்டே போகும் அணிக்குப் பட்டியலில் வெற்றி குவியும், வித்தியாசத்தில் அது தெரியாது. அடுத்த சீசனில் அந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் கூட வராது.

மில்வாக்கி 2022-23ல் 58 வெற்றியோடு என்பிஏவிலேயே முதலிடம். ஆனால் அவர்களின் வித்தியாசம் சுமார் +3.6. நம் கணக்குப்படி 51 வெற்றிக்கான அணி. மறு வருடம் நட்சத்திர ஆட்டக்காரர் டேமியன் லில்லார்டையே கொண்டுவந்தார்கள், நடுவில் பயிற்சியாளரையும் மாற்றினார்கள், முடித்தது 49. ஆள், பயிற்சியாளர் எல்லாம் மாறியிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே எண்ணின் தலையில் கட்ட முடியாதுதான். ஆனாலும் 58ஐ நம்பி 60 சொன்னவரைவிட, 3.6ஐப் பார்த்து 52 சொன்னவர் எத்தனையோ பக்கத்தில் இருந்தார்.

நான் இந்தப் பக்கம் சாய முக்கியக் காரணம் இதுகூட இல்லை, பராமரிப்புதான். கணிப்பு என்பது அக்டோபரில் சொல்லிவிட்டு ஏப்ரலில் திறந்து பார்க்கிற பெட்டி இல்லையே. டிசம்பரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகும், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் பிப்ரவரிக் கெடுவுக்குள் பாதி அணி மாறும். தன் பெரிய நட்சத்திரம் லூக்கா டான்சிச்சையே ஒரு சனிக்கிழமை இரவில் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டது டல்லாஸ், 2025 பிப்ரவரியில். அந்த நிமிடமே, அட்டவணையைக் குறித்து வைத்திருந்த டல்லாஸ் ரசிகருக்கு மீதி முப்பத்துச் சொச்சம் ஆட்டங்களும் குப்பை. லேக்கர்ஸ் ரசிகருக்கும் அதே கதி. ஒவ்வொன்றாக மறுபடி யோசித்துக் குறிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள், அல்லது 'அதான் அப்பவே சொன்னேனே' என்று பேச்சை மாற்றுவார்கள்.

வித்தியாசக் கணக்கில் திருத்துவது ஒரு வரி வேலை. ஜனவரி நடுவில் ஒரு அணி 27-14 என்று நிற்கிறது, சராசரி வித்தியாசம் +3 என்று வைத்துக்கொள்வோம். இதே வேகத்தில் போனால் 54 என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். நான் கையிலிருக்கும் 27ஐத் தொட மாட்டேன், அது சம்பாதித்தது. மீதி 41 ஆட்டத்துக்கு மட்டும் +3 அணி எத்தனை ஜெயிக்கும் என்று பார்ப்பேன்: இருபதரை, அதோடு மூன்று புள்ளிக்குச் சுமார் நான்கு, ஆக இருபத்துநான்கரை. மொத்தம் 51 அல்லது 52. நட்சத்திர ஆட்டக்காரர் ஒரு மாதம் வர மாட்டார் என்று செய்தி வந்தால் அந்த மாதத்து ஆட்டங்களுக்கு மட்டும் +3ஐ 0 என்று மாற்றினால் போதும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம். இந்தச் சுலபம்தான் என்னை இதில் நிறுத்திவைத்திருக்கிறது. திருத்தச் சிரமமாக இருந்தால் ஏப்ரல் வரை யாரும் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நட்சத்திரத்துக்கு மூன்று புள்ளி என்று நான் போடுவது கைக்கணக்குதான். யோகிச் மாதிரி உச்ச ஆட்டக்காரருக்கு அது போதவே போதாது. இரண்டாம் நிலை நட்சத்திரங்களுக்குச் சில சமயம் அதிகம். இதில் மட்டும் என்னை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம்.

உச்சியில் இருக்கும் அணிகளுக்கும் இந்த நேர்க்கோட்டுக் கணக்கு கொஞ்சம் தாராளமாகிவிடும். ஓக்லஹோமா சிட்டி 2024-25ல் +12.9, கணக்குப்படி 75, 76 வர வேண்டும், வந்தது 68. பாஸ்டன் அதற்கு முந்தைய வருடம் +11.3, கணக்கு 71 என்றது, ஜெயித்தது 64. முப்பது புள்ளி, நாற்பது புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கும் ஆட்டங்கள் சராசரியைத் தூக்கிவிடும். ஆனால் எத்தனை புள்ளியில் நொறுக்கினாலும் ஒரு வெற்றிதானே. அதனால் +10க்கு மேல் போனால் நான் நான்கைந்து வெற்றியைக் கழித்துக்கொள்கிறேன். இதே கணக்கில் 1995-96 சிகாகோவுக்கு (+12.2) 74 வரும், அவர்கள் 72 ஜெயித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், கழிக்கும் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல.

சீசன் தொடக்கத்தில் எந்த வழியும் தேறாது. இண்டியானா 2024-25ல் 10-15 என்று தொடங்கியது. அப்போது எந்த எண்ணைப் பார்த்தாலும் பிளே-இன் தகராறுதான் தெரிந்திருக்கும், என் வழியும் கைகொடுத்திருக்காது. அதற்குப் பிறகு 40-17 போட்டு, 50 வெற்றியோடு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். யூட்டா 2022-23ல் 10-3 என்று தொடங்கி 37-45ல் முடித்தது. அதனால் முதல் 25 ஆட்டம் வரை நான் இந்த வருட வித்தியாசத்தில் பாதியும், போன வருடத்ததில் பாதியும் கலந்துதான் எடுக்கிறேன். ஆக, மேலே ஓரமாக வைத்த போன வருடக் கணக்கைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறேன், பரவாயில்லை.

பிளேஆஃப் விஷயத்தில் இன்னும் அடக்கமாகத்தான் பேச வேண்டும். அதே 2022-23ல் மயாமி 44-38. எடுத்த புள்ளியைவிடக் கொடுத்த புள்ளி அதிகம், அதாவது வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே. பிளே-இன்னில் அட்லாண்டாவிடம் தோற்று, சிகாகோவை ஜெயித்து எட்டாவதாக நுழைந்தார்கள். முதல் சுற்றில் மில்வாக்கியை 4-1 என்று வெளியே அனுப்பி, கடைசியில் இறுதித் தொடரையே எட்டிவிட்டார்கள். மில்வாக்கி அத்தனை பலமில்லை என்று என் கணக்கு சரியாகச் சொன்னது. மயாமி இறுதிக்குப் போகும் என்று மட்டும் எந்தக் கணக்கும் சொல்லவில்லை. ஏழு ஆட்டத் தொடரில் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பதுதான் பேசும், சராசரி பேசாது.

அப்புறம், மார்ச் கடைசி. இங்கே மட்டும் அட்டவணைக்காரர்களுக்கு நான் வழிவிட்டுவிடுகிறேன். கடைசிப் பதினைந்து ஆட்டங்களில் யாருக்கு ஜெயிக்க ஆசை, யாருக்குத் தோற்க ஆசை என்பதுதான் பாதி விஷயம். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; கீழே முடித்த அணிகளுக்கு முன்வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம், அதைக் குலுக்கலில் (லாட்டரி) முடிவு செய்வார்கள். 2019 டிராஃப்ட் லாட்டரியிலிருந்து மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கு ஒரே 14 சதவீத வாய்ப்பு என்றாக்கியும், கடைசி மாதத்தில் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைப்பது நின்றபாடில்லை. 2023 ஏப்ரலில் டல்லாஸ், பிளே-இன் வாய்ப்பு இன்னும் உயிரோடு இருக்கும்போதே, சிகாகோவுக்கு எதிராக கைரி இர்விங் உள்ளிட்டவர்களை வெளியே வைத்து, டான்சிச்சையும் சீக்கிரமே எடுத்துவிட்டுத் தோற்றது. வேறு அணிக்குப் போய்விடக்கூடிய டிராஃப்ட் தேர்வு கை நழுவாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று என்பிஏ 7,50,000 டாலர் அபராதம் போட்டது. இதை எந்தப் புள்ளி வித்தியாசமும் காட்டாது. அடுத்த ஆட்டம் யாரோடு, அவர்களின் டிராஃப்ட் தேர்வு யாரிடம் இருக்கிறது, நேருக்கு நேர் ஆட்டங்களில் யார் முன்னால் என்று ஆட்டம் ஆட்டமாகப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் நானும் அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்துவிடுவேன்.