ஐந்து ரோடு பக்கத்து ஐஇஎல்டிஎஸ் வகுப்பு: மேடத்துக்கு நாலு ஸ்டார், புத்தகத்துக்கு ஒன்று

வெளிநாடு போக எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸுக்குச் சேலத்தில் ஒரு வகுப்பு. எட்டு வாரம், சனி ஞாயிறு மட்டும், 9,500 ரூபாய். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன் நான். ஆங்கிலத்தில் மெயில் போடுவேன், ஆடிட்டரிடம் சமாளிப்பேன், ஆனால் சுற்றுச்சூழலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்றால் பொல்யூஷன், பிளாஸ்டிக், குளோபல் வார்மிங், அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும். ஸ்பீக்கிங் தேர்வின் இரண்டாம் பகுதியில் யோசிக்கக் கொடுப்பதே ஒரு நிமிடம். மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்கு. இங்கே மூன்று வாரம் சுற்றுச்சூழல், சமூகப் பிரச்சினைச் சொற்கள் மட்டுமே என்று சொன்னதால்தான் பணம் கட்டினேன்.

முதலில் அந்த ஸ்பைரல் புத்தகத்தைத் திட்டிவிடுகிறேன். ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாகச் சொற்கள், எதிரே தமிழ் அர்த்தம். கிளேசியர், பெர்மாஃப்ராஸ்ட், போலார் பேர். சேலத்து மே மாத வெயிலில் ஃபேனும் ஓடாத ரூமில் உட்கார்ந்து, வருடம் முழுக்க உறைந்தே கிடக்கிற நிலமான பெர்மாஃப்ராஸ்டை மனப்பாடம் செய்தவன் நான்தான். எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்று ஒரு வரி கிடையாது. கடைசிப் பத்துப் பக்கம் மாதிரிக் கட்டுரைகள், அப்படியே உருப்போடுங்கள் என்று ஆபீசில் சொல்லியனுப்புகிறார்கள். உருப்போட்டதை எக்ஸாமினர் கண்டுபிடித்தால் மதிப்பெண் இறங்கும், இது ஐஇஎல்டிஎஸ் எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இவர்களுக்கு மட்டும் தெரியாது போல.

ஆனால் பாடம் எடுக்கிற மேடம் வேறு ரகம். மூன்றாம் வகுப்பில் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, திருமணிமுத்தாற்றங்கரையில் யார் வீடு இருக்கிறது என்று கேட்டார். நாலு கை தூக்கியது. ஆற்றில் என்ன ஓடுகிறது, ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார். நாலு பேரும் ஒரே குரலில் "டிரெயினேஜ் வாட்டர்". சேலத்தில் எல்லாத் தண்ணிக்கும் அதுதானே பேர்! அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் அந்த ஆற்றை விட்டு அவர் நகரவே இல்லை. வீட்டுக் கழிவுநீர் சூவேஜ், அதைக் கொண்டுபோகும் குழாய் ஏற்பாடு சூவரேஜ், சாயப்பட்டறையிலிருந்து வருவது எஃப்ளுவென்ட், சுத்திகரிக்காமல் விட்டால் முன்னால் அன்ட்ரீட்டட் போட வேண்டும். குப்பையை டம்ப் செய்வார்கள், கழிவுநீரை டிஸ்சார்ஜ் செய்வார்கள், இரண்டையும் மாற்றிப் போட்டால் காதில் இடறும். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வந்து நாறிப்போகிற ஆற்றை வைத்து, ஆறு சொல் ஒரு நாளில் ஒட்டிக்கொண்டது. புத்தகத்தில் அதே ஆறு சொல்லும் வெவ்வேறு பக்கத்தில் கிடக்கிறது.

அடுத்த வாரம் மூக்கனேரி. நான் கன்னங்குறிச்சிக்காரன், 2010-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஏரியைச் சீரமைத்து நடுவில் திட்டுத் திட்டாக மண் கொட்டி மரம் வைத்தபோது வேடிக்கை பார்த்தவன். அதைச் சொல்லப் போனால் தூர்வாருவதற்கு ஆங்கிலம் தெரியவில்லை. டீசில்ட். இத்தனை சின்னச் சொல் முப்பத்தைந்து வயதில்தான் கிடைத்தது. ஆக்கிரமிப்புக்கு என்குரோச், பின்னால் ஆன் வர வேண்டும்.

சமூகப் பிரச்சினை வகுப்புக்கு எட்டுவழிச்சாலையை எடுத்தார், சேலம்–சென்னை 277 கிலோமீட்டர், 2018-இல் நிலம் அளக்க வந்தபோது விவசாயிகள் எதிர்த்து நடந்த கலாட்டா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வகுப்பை இரண்டாகப் பிரித்து சண்டை போடச் சொன்னார். நான் விவசாயிகள் பக்கம். உணர்ச்சிவசப்பட்டு "ஃபார்மர்ஸ் வில் லூஸ் தேர் லைஃப்ஸ்டைல்" என்று முழங்கினேன். எதிர்க்கட்சி சிரித்தது. லைவ்லிஹுட் என்று சொல்லியிருக்க வேண்டும். பிழைப்பு போவது வேறு, வாழ்கிற விதம் போவது வேறு. இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

ஆறாவது ஞாயிறு ஏற்காடு, அதற்குத் தனியாக 600 ரூபாய். வேனில் தமிழ் பேசக் கூடாது என்று கட்டளை. இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிப் பேர் எந்த மொழியும் பேசுகிற நிலையில் இல்லை என்பது வேறு கதை. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் விளைகிற காப்பிக்கு ஷேட்-க்ரோன் என்று பேர். வழியெல்லாம் பூத்துக் கிடக்கும் உன்னிச்செடி அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இன்வேசிவ் ஸ்பீஷீஸ், அதாவது வெளியிலிருந்து வந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிற இனம். அதைப் பூவென்று பறித்துத் தலையில் வைத்திருந்த ஒரு பெண் மெதுவாக எடுத்துவிட்டாள்.

குறை இன்னும் இருக்கிறது. ஒரு பேட்சுக்கு 12 பேர் என்றார்கள், எங்களோடு 27 பேர். கட்டுரையைத் திருத்தித் தர இரண்டு வாரம், திரும்பி வந்ததில் மேலே ஒன்பதுக்கு ஒரு 6, கீழே ஒரு டிக், நடுவே எதுவும் இல்லை. திருத்துவது மேடம் இல்லையாம், ஆபீஸ் பையனாம். மாக் ஸ்பீக்கிங் என்கிற மாதிரித் தேர்வில் 5.5-லிருந்து 6.5 ஆனேன், அதுவும் அவர்களே வைத்து அவர்களே போட்ட மதிப்பெண் என்பதால் பெரிதாக நம்பவில்லை.

சேர்வதாக இருந்தால் ஞாயிறு காலை பேட்ச் மேடத்துக்குத்தானா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். புத்தகத்துக்கு 450 ரூபாய் தனியாகக் கேட்பார்கள், கட்டாயமில்லை என்று எனக்கு மூன்றாவது வாரம்தான் சொன்னார்கள்.