மூழ்கிய நகை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்

அடகுக்கடையில் "மூழ்கிப்போன நகை, செய்கூலி சேதாரம் கிடையாது" என்று, வைத்தவர் மீட்காமல் விட்ட நகையை யாராவது எடுத்துக் காட்டினால், பணத்தை எண்ணுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 60,000 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி ஜிமிக்கி வாங்கினேன். எடையில் ஏமாந்தது ஒரு பக்கம். அதை அடகு வைத்த பூக்கார அம்மாவுக்கே தெரியாமல், மீட்கக் கெடு இருக்கும்போதே, அந்தப் பொருள் என் காதுக்கு வந்திருக்கிறது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

2023 நவம்பர். தம்பி கல்யாணத்துக்குத் தை மாதத்தில் நாள் குறித்திருந்தோம். 22 காரட் கிராம் 5,700 ரூபாயை ஒட்டி விற்ற நேரம். நகைக்கடையில் பதினோரு கிராம் சுமாருக்குக் குடை ஜிமிக்கி கேட்டால், 15 சதவீதம் சேதாரம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி என்று 77,000 வரை சொன்னார்கள். அவ்வளவு கையில் இல்லை. எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் ஓர் அடகுக்கடை இருக்கிறது. அப்பா காலத்தில் விதைப்புச் செலவுக்கு அங்கேதான் நகையை வைப்போம், அறுவடை முடிந்ததும் மீட்போம். அந்தப் பழக்கத்தில் போய் விசாரித்தேன்.

"மூழ்கின ஐட்டம் ஒண்ணு இருக்குக்கா, உங்களுக்குன்னா தரேன்" என்று உள்ளே போய் ஒரு ரோஸ் நிறத் தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். சிவப்புக் கல் வைத்த பழைய வேலைப்பாடு, இப்போது அந்த மாதிரி யாரும் செய்வதில்லை. என் கண் முன்னாலேயே உரைகல்லில் உரசி, ஆசிட் விட்டுக் காட்டினார். தராசில் 12.400. கல்லுக்கும் அரக்குக்கும் ஒரு கிராம் தள்ளி 11.400, கிராம் 5,300 வீதம் கணக்குப் போட்டு, சில்லறையை விட்டு 60,000 என்றார். ஹால்மார்க் முத்திரை இல்லையே என்று கேட்டேன். பழைய நகையில் இருக்காது என்றார். அது உண்மைதான், அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை. 40,000 கூகுள் பேயில் போட்டேன், 20,000 ரொக்கமாகக் கொடுத்தேன். "பில் போட்டா மூணு பர்சன்ட் கூடும்க்கா, நமக்குள்ள எதுக்கு?" என்று ஒரு துண்டுச்சீட்டில் எடையையும் தொகையையும் எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை.

யாருடையது, ஏன் மூழ்கியது, எப்போது ஏலம் விட்டீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறிவிடுமோ என்ற நினைப்பும் மனதுக்குள் இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்க்கும்போதுதான் இரண்டு திருகாணியும் ஒரே மாதிரி இல்லை என்று கவனித்தேன். வலது பக்கம் தங்கம். இடது பக்கம் பித்தளை, மரை தேய்ந்துபோய்க் கொஞ்சம் லொடலொடவென்று இருந்தது. போட்டுக் கழற்றினால் இடது காது மடலில் பச்சையாகக் கறை படியும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வேன்.

கல்யாணம் முடிந்து பிப்ரவரியில் ஒரு கல் ஆட்டம் கொடுத்தது. மதுரை தெற்காவணி மூல வீதியில் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் பின்தகட்டை நெம்பித் திறந்து, "இங்க பாருங்கம்மா" என்று காட்டினார். குடை முழுக்கக் கருஞ்சிவப்பில் அரக்கு, அதிரசம் போலக் கெட்டியாக அடைத்திருந்தது. கல்லையும் அரக்கையும் எடுத்துத் தராசில் போட்டால் 3 கிராம் 100 மில்லி. அப்படியானால் தங்கம் 9.300தான். உள்ளே பற்று வைத்து ஒட்டிய இடமெல்லாம் ஏகப்பட்ட பொடி (ஒட்டுவதற்குச் சேர்க்கும் கலவை), மொத்தத்தில் 20 காரட்டுக்கு மேல் தேறாது என்றார். உரைகல்லில் உரசினால் தெரிவது மேல்தகடு மட்டும். காரட் பார்க்கும் மெஷினில் வைத்தாலும் அது மேல்பரப்பைத்தான் படிக்கும், உள்ளே அரக்கு எவ்வளவு என்று சொல்லாது. அரக்கு வைத்த, கல் பதித்த பழைய நகையை மொத்த எடைக்கு வாங்கவே கூடாது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். வாங்கிய நாள் விலைப்படி கணக்குப் பார்த்தால் 48,000 சொச்சத்துக்கு மேல் வராது. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "பழசுன்னா முன்னப்பின்ன இருக்கும்க்கா, உருக்கினாத்தான் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அழுகையும் ஆத்திரமுமாகத் திரும்பி வந்தேன். அதோடு விட்டிருப்பேன்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். முழம் போட்டுக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என் காதையே பார்த்தார். "தாயி, தப்பா நெனைக்காத, இந்த ஜிமிக்கி எங்க வாங்குன?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "இடது பக்கத் திருகு பித்தளையா இருக்கும் பாரு. எம்மக பள்ளிக்கூடத்துல தொலச்சுட்டு வந்து அன்னிக்கு எங்கிட்ட அடி வாங்குனா" என்றார்.

நான் கழற்றிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ரேஷன் கார்டு வைத்திருந்த பாலிதீன் பைக்குள்ளிருந்து அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். 20.3.2023 தேதி. கல் ஜிமிக்கி ஒரு ஜோடி, எடை 12.400, தொகை 25,000. மகள் பிரசவத்துக்கு வைத்தது. என் துண்டுச்சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அதே 12.400, அதே சாய்ந்த கையெழுத்து. சீட்டின் பின்பக்கம் மீட்கும் கெடு ஒரு வருடம் ஏழு நாள் என்று அச்சடித்திருக்கிறது. கடைக்காரர் எனக்கு விற்றது எட்டாவது மாதத்தில். பூக்கார அம்மா இரண்டு ரூபாய் வட்டியில் மாதம் 500 வீதம் ஆறு மாதம் கட்டியிருக்கிறார். அப்புறம் மழையில் வியாபாரம் படுத்துவிட்டதால் கட்ட முடியவில்லை. பிப்ரவரியில் மீட்கப் போனபோது "வட்டி கட்டலல்ல, மூழ்கிப்போச்சு" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். அவரும் நம் தப்புதான் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறார்.

இந்த 'மூழ்கிப்போச்சு' என்ற வார்த்தையை எத்தனை பேர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறோம்! வட்டி தவறினால் நகை கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் தெரு வக்கீல் அண்ணன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 176-ஆம் பிரிவின்படி, அடகு பிடித்தவர் விற்க வேண்டுமானால் முதலில் வைத்தவருக்கு உரிய முறையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விற்ற பணம் கடனைவிட அதிகமாக வந்தால் மிச்சம் வைத்தவருக்குத்தான். 177-ஆம் பிரிவின்படி, கெடு தாண்டினாலும் உண்மையில் விற்கும் நிமிடம் வரை அவர் வந்து மீட்கலாம். இது போக, தமிழ்நாட்டில் 1943-ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டம் இருக்கிறது. மீட்காத பொருளைப் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும், தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி விற்க முடியாது. நகைக்கடன் நிறுவனங்களும் ரிசர்வ் வங்கி விதிப்படி ஏல அறிவிப்பைப் பேப்பரில் பக்கம் பக்கமாகப் போடுகின்றன. பொடி எழுத்தில் கடன் எண்ணாக இருக்கும், நாம் புரட்டிவிட்டுப் போய்விடுவோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நவம்பரில் அந்த அம்மா கட்ட வேண்டியிருந்தது அசல் 25,000, இரண்டு மாத வட்டி 1,000. கடைக்காரர் என்னிடம் வாங்கியது 60,000. நடுவில் இருக்கும் 34,000 முழுக்க அந்த அம்மாவின் பணம். எனக்கு ஏதோ மலிவாகக் கிடைத்ததாக நான் சந்தோஷப்பட்டேனே, அது அவர் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட மலிவு.

விஷயம் வீட்டில் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சொன்ன முதல் யோசனை, "உருக்கிடு". அடகில் மூழ்கிய நகையில் கண்ணீர் ஒட்டியிருக்கும், உருக்கிப் புதுசாகச் செய்துவிட்டால் தோஷம் போய்விடும் என்பார்கள். என் மாமியாருக்கு அதில் முழு நம்பிக்கை, அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உருக்கினால் போவது அந்தப் பித்தளைத் திருகாணியும், கல் வேலைப்பாடும், சீட்டோடு ஒத்துப்போகும் எடையும்தான். அது தன்னுடையது என்று அந்த அம்மா காட்டக்கூடிய எல்லாமே போய்விடும். கண்ணீருக்குப் பரிகாரம் வேண்டுமென்றால் பொருள் உரியவரிடம் போக வேண்டும்.

பழைய நகை வாங்குவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லோராலும் சேதாரம் கொடுத்துப் புதிது வாங்க முடியாது. முறையாக ஏலம் விட்டு, கடன் போக மிச்சத்தை வைத்தவருக்குக் கொடுத்து, பில்லோடு விற்றால் வாங்குவதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. ஆனால் ஏலத்தில் எடுத்ததற்குக் கடைக்காரர் காகிதம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். திருட்டு நகையாக இருந்தால் இன்னும் மோசம், போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போனால் கொடுத்த பணத்துக்கு நாம்தான் அலைய வேண்டும். அப்படியும் வாங்கியே தீருவது என்றால், பணம் கொடுக்கும் முன் ஹால்மார்க் மையத்துக்கு எடுத்துப் போய்க் காரட்டைச் சோதியுங்கள், உள்ளே இருக்கும் அரக்கு மெஷினில் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். எனக்கு 200 ரூபாய்தான் ஆனது, ஆனால் நான் போனது எல்லாம் முடிந்த பிறகு.

நானும் பூக்கார அம்மாவும் சேர்ந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், ஏனென்றால் அடகுக்கடைக்கு உரிமம் தருவது அங்கேதான். காவல் நிலையத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். முதலில் கடைக்காரர் அந்த அம்மாவிடம் தனியாக 10,000 தருகிறேன், விட்டுவிடு என்று ஆள் அனுப்பினார். அவர் வாங்கவில்லை. கடைசியில் ஸ்டேஷனில் வைத்து என் 40,000 திரும்பி வந்தது. கூகுள் பேயில் போனதால் அவரால் மறுக்க முடியவில்லை. ரொக்கமாகக் கொடுத்த 20,000-க்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார். அந்தத் துண்டுச்சீட்டில் அவர் பெயர் இல்லையே. அது போனதுதான். ஜிமிக்கியை எழுதி வாங்கிக்கொண்டு பூக்கார அம்மாவிடம் ஒப்படைத்தேன். அவர் அதே வாரம் அதைக் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கடன் எடுத்து, கடைக்காரருக்குச் சேர வேண்டிய அசலையும் ஆறு மாத வட்டியையும் சேர்த்து 28,000 கட்டிக் கணக்கை முடித்துவிட்டார்.

கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அதே ரோஸ் தாளை ஒரு பெண்ணிடம் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களோ உங்கள் அம்மாவோ அந்தச் சந்தில் ஏதாவது வைத்திருந்தால், வட்டி பாக்கி இருந்தாலும் பரவாயில்லை, இந்த வாரமே சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பொருளை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லி, எடையைச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். "உள்ள லாக்கர்ல இருக்கு, அப்புறம் வாங்க" என்றால் அப்படியே நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் வருகிறேன்.