கமாண்ட் லைன் கருவிக்கு டெஸ்ட்: உள்ளே அழைப்பதா, வெளியே ஓட்டுவதா, பதிவோடு ஒப்பிடுவதா?

கமாண்ட் லைன் கருவிக்கு டெஸ்ட் எழுத நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கருவியின் மெயின் ஃபங்ஷனை டெஸ்டுக்குள்ளிருந்தே நேராக அழைக்கலாம். கருவியைத் தனி ப்ராசஸாக ஓட்டி, வெளியே வருவதைப் பிடித்துப் பார்க்கலாம். சரியான அவுட்புட்டை ஒரு கோப்பில் பதிந்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிடலாம். அல்லது டெஸ்டையே ஷெல்லில் எழுதிவிடலாம். நான்கும் வேலை செய்யும். ஆனால் ஒன்று பிடிக்கும் பிழையை இன்னொன்று கோட்டைவிடும். அதனால் எது வசதி என்பதைவிட, எது எந்தப் பிழையைப் பிடிக்கும் என்று பார்ப்பதுதான் பயன்படும்.

பேச்சுக்கு ஒரு கருவியை வைத்துக்கொள்வோம். பெயர் 'கூட்டு'. சிஎஸ்வி கோப்பு ஒன்றை வாங்கி, வரிக்கு வரி கூடிவரும் தொகையையும் கடைசியில் மொத்தத்தையும் அச்சிடும். கோப்பு சரியாக இருந்தால் விடை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வர வேண்டும், எக்ஸிட் கோட் (முடியும்போது ஷெல்லுக்குத் தரும் எண்) 0. ஒரு வரியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது இருந்தால், எந்த வரி என்று சொல்லிவிட்டு 1. கோப்பே இல்லையென்றால் செய்தி ஸ்டாண்டர்ட் எரரில் மட்டும், கோட் 2. அப்புறம், பைப் போட்டு, முதல் சில வரிகளை மட்டும் காட்டும் ஹெட் கட்டளைக்கு அனுப்பினால் அலறாமல் முடிய வேண்டும்.

1, 2 என்று பிரிப்பது வீண் நுணுக்கம் அல்ல. கோப்பில் சொல் தேடும் கிரெப் கட்டளையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது: தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாமல் போனால் 2. அதை நம்பி எத்தனையோ ஸ்கிரிப்டுகள் ஓடுகின்றன. நம் கருவியையும் யாரோ ஒரு ஸ்கிரிப்டுக்குள் வைத்துத்தான் ஓட்டப்போகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் வாக்கு இந்தக் கோடும் இரண்டு அவுட்புட் ஓடைகளும்தான்.

உள்ளிருந்தே அழைப்பது

இதற்கு ஒரு முன்வேலை உண்டு. மெயின் ஃபங்ஷன் ஆர்க்யூமெண்ட் பட்டியலைத் தானே போய் எடுக்காமல் வெளியிலிருந்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். இது மட்டும் அமைந்துவிட்டால் டெஸ்ட் மூன்று நான்கு வரியில் முடிந்துவிடும். பைதானில் பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி தரும் கேப்சிஸ், இரண்டு ஓடைகளையும் தனித்தனியாகப் பிடித்துக் கொடுக்கும். டெம்ப் பாத் ஒரு தற்காலிக அடைவு தரும். மங்கிபேட்ச் சூழல் மாறிகளை மாற்றி, டெஸ்ட் முடிந்ததும் பழையபடி வைத்துவிடும். ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் நூலகம் தப்பான ஆப்ஷனைப் பார்த்தால் கோட் 2 உடன் சிஸ்டம் எக்ஸிட்டை வீசும். அதையும் டெஸ்டில் பிடித்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான டெஸ்டுகள் இருந்தாலும் சட்டென்று ஓடி முடியும். தோற்ற இடத்தில் டீபக்கரை நிறுத்திப் பார்க்கலாம்.

வேகத்துக்கு விலையும் உண்டு. எல்லா டெஸ்டும் ஒரே ப்ராசஸுக்குள் ஓடுவதால், ஒன்று அடைவை மாற்றிவிட்டுப் போனாலோ லாகரில் ஹேண்ட்லர் சேர்த்துவிட்டுப் போனாலோ அடுத்தது காரணமே தெரியாமல் தோற்கும். கேப்சிஸ் பைதான் மட்டத்தில்தான் பிடிக்கும். கருவி இன்னொரு ப்ராசஸைக் கிளப்பி அது எழுதினால், அதையும் பிடிக்கும் கேப்எஃப்டி வேண்டும்.

கமாண்ட் லைன் கருவி எழுத உதவும் கிளிக் நூலகத்தின், டெஸ்டுக்கான சிஎல்ஐ ரன்னரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டளைக்குள் எதிர்பாராத எக்செப்ஷன் வெடித்தால், அது டெஸ்டுக்குத் தெரியாது. ரன்னர் அதை விழுங்கிக்கொண்டு எக்ஸிட் கோடை 1 ஆக்கிவிடும். கெட்ட வரி உள்ள கோப்பைக் கொடுத்து, 'கோட் 0 அல்ல' என்று மட்டும் சோதித்தால் என்ன ஆகும்? கருவி அந்த வரியைச் சரியாகக் கண்டுபிடித்தாலும் டெஸ்ட் பச்சை, அதாவது வெற்றி. நிரலில் நெடுவரிசையின் பெயரைத் தப்பாக அடித்ததால் கீ எரர் வந்து செத்தாலும் டெஸ்ட் பச்சை. 'கோட் 1' என்று குறிப்பாகச் சோதித்தாலும் இங்கே தப்ப முடியாது, இரண்டுக்கும் அதே 1தான். ரன்னரை அழைக்கும்போதே எக்செப்ஷனைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. கூடவே, எந்த வரி என்ற செய்தி ஸ்டாண்டர்ட் எரரில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோல்வியைச் சோதிக்கும் டெஸ்ட், கருவி சரியான காரணத்துக்காகத்தான் தோற்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த ஒன்றில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தனி ப்ராசஸாக ஓட்டுவது

மெயின் ஃபங்ஷன் ஒழுங்காக 2 என்று திருப்பித் தருகிறது. உள்ளே அழைத்த டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனால் கோப்பின் கடைசி வரியில் மெயினை வெறுமனே அழைத்துவிட்டு, அது தந்த எண்ணை சிஸ் எக்ஸிட்டுக்குக் கொடுக்காமல் விட்டால், ஷெல்லுக்குக் கிடைப்பது எப்போதும் 0. வெற்றி என்று சொல்வதற்காக மெயின் ட்ரூ என்று திருப்பி, அதை சிஸ் எக்ஸிட்டுக்குக் கொடுத்தால் விஷயம் தலைகீழ்: பைதானில் ட்ரூ என்பது 1, ஆகவே ஒவ்வொரு வெற்றியும் ஷெல்லின் கண்ணுக்குத் தோல்வி. இன்னொன்றும் இருக்கிறது. கெட்ட வரிகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகத் தரலாமே என்று தோன்றும். லினக்ஸில் அந்தக் கோடின் கடைசி 8 பிட்தான் மிஞ்சும். 256 கெட்ட வரிகள் இருந்தால் கோட் 0, எல்லாம் சுபம் என்று அர்த்தம்! இவை எதையும் உள்ளிருந்து பார்க்கிற டெஸ்ட் பார்க்காது, ஏனென்றால் பிழை இருப்பது கருவியும் ஷெல்லும் சந்திக்கும் இடத்தில்.

ஹெட் விஷயமும் அதே இடத்தில்தான். ஹெட் தனக்கு வேண்டிய வரிகளை வாங்கிக்கொண்டு பைப்பை மூடிவிடும். பைப் மூடியதைச் சொல்லும் சிக்பைப் சிக்னலைப் பைதான் புறக்கணிப்பதால் கருவி தானாகச் சாகாது. அடுத்து எழுதப்போகும்போது புரோக்கன் பைப் எரர் வந்து நீளமான ட்ரேஸ்பேக் கொட்டும். சின்னக் கோப்பு கொடுத்தால் எல்லாம் பஃபருக்குள் அடங்கிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே இந்த டெஸ்டுக்குக் கோப்பு பெரிதாகவே இருக்கட்டும்.

சரி, எல்லா டெஸ்டையும் இப்படியே எழுதிவிடலாமே? பைதானில் ஒவ்வொரு முறையும் இன்டர்ப்ரெட்டர் புதிதாகக் கிளம்பி, எல்லா இம்போர்ட்டும் நடக்க வேண்டும். டெஸ்டுகள் பெருகப் பெருக, ஓட்டிவிட்டுக் காத்திருக்கும் நேரம் கூடும். கூடினால் ஆட்கள் ஓட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். கவரேஜ் (டெஸ்ட் தொட்ட வரிகளின் கணக்கு) எடுக்கவும் தனி ஏற்பாடு வேண்டும். ரஸ்ட், கோ மொழிகளில் இந்தச் சுமை குறைவு, அங்கே இந்த வழியைத் தாராளமாக எடுக்கலாம். ரஸ்டில் அசர்ட் சிஎம்டி இருக்கிறது. கோவில் டெஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கிறது. கோ கட்டளையின் சொந்த டெஸ்டுகளுக்காகப் பிறந்து பிறகு வெளியே வந்தது. இன்புட் கோப்புகள், கட்டளைகள், எதிர்பார்க்கும் அவுட்புட் மூன்றும் ஒரே கோப்பில் அடங்கும். டெஸ்ட் பைனரியே கருவியாக வேடமிட்டு மறுபடி ஓடுவதால் தனியாக பில்ட் செய்ய வேண்டியதில்லை. நான் பார்த்தவற்றில் மிகவும் நேர்த்தியான அமைப்பு இதுதான்.

வெளியே ஓட்டும்போது சூழலை நாமே கட்டிக்கொடுக்க வேண்டும். ஹோம் அடைவு தற்காலிகமானதாக இருக்கட்டும், இல்லையென்றால் எழுதுபவரின் சொந்த கான்ஃபிக் கோப்பு டெஸ்டுக்குள் நுழைந்துவிடும். லொகேல், டைம்சோன், திரை அகலம் மூன்றையும் நிலையாக வைக்க வேண்டும். டைம்அவுட் கட்டாயம்; ஸ்டாண்டர்ட் இன்புட்டை மூடிவிட வேண்டும். இல்லையென்றால், 'உறுதியா?' என்று கேட்டுவிட்டு யாரும் பதில் சொல்லாத டெஸ்ட் அப்படியே தொங்கும். டெஸ்டில் அவுட்புட் டெர்மினலுக்குப் போகவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். வண்ணம், ப்ராக்ரஸ் பார் எல்லாம் அங்கே பெரும்பாலும் தாமாகவே அணைந்திருக்கும். அவற்றைச் சோதிக்க சூடோ டெர்மினல் வேண்டும்.

பதிவோடு ஒப்பிடுவது

இதில் டெஸ்டே ஒரு டெர்மினல் பதிவு போல இருக்கும். கிராம் கருவியின் பாணியைத் தமிழில் எழுதிக் காட்டினால்:

  $ கூட்டு இல்லாதது.சிஎஸ்வி
  பிழை: இல்லாதது.சிஎஸ்வி என்ற கோப்பு இல்லை
  [2]

கட்டளை, அவுட்புட், அடைப்புக்குள் எக்ஸிட் கோட். அவ்வளவுதான். புதிதாக வருகிறவர் இதைப் படித்தே கருவியைக் கற்றுக்கொள்ளலாம். ஓகாமலின் டியூன் இதே பாணியைத் தன்னுள் சேர்த்திருக்கிறது. ரஸ்டில் ட்ரைசிஎம்டி, இன்ஸ்டா. மேலே காட்டிய பதிவில் ஒரு ஓட்டை இருக்கிறது: அந்தப் பிழைச் செய்தி எந்த ஓடையில் வந்தது? கிராம் இரண்டையும் கலந்தே பதிவதால் சொல்ல முடியாது. செய்தி தவறுதலாக ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குப் போனாலும் டெஸ்ட் ஜெயிக்கும். ஸ்டாண்டர்ட் எரரைக் கட்டளையிலேயே தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு முறை ஓட்டினால்தான் தெரியும்.

பெரிய ஆபத்து இதுவல்ல. அவுட்புட் மாறும்போது பதிவுகளை ஒரே கட்டளையில் புதுப்பிக்கலாம். அந்த வசதியே வினையாகிறது. பைதான் 3.10இல் ஆர்க்பார்ஸின் ஹெல்ப் தலைப்பு 'ஆப்ஷனல் ஆர்க்யூமெண்ட்ஸ்' என்பதிலிருந்து 'ஆப்ஷன்ஸ்' என்று மாறியது. ஹெல்ப்பை அப்படியே பதிந்து வைத்திருந்தவர்களின் டெஸ்டுகள், கருவியில் ஒரு எழுத்துகூட மாறாமலே சிவந்தன. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால், டிஃப்பை, அதாவது என்ன மாறியது என்ற பட்டியலை, படிக்காமலே புதுப்பிக்கும் பழக்கம் வந்துவிடும். அதற்குப் பிறகு உண்மையான பிழையும் அதே கையோடு பதிவாகிவிடும். ஹெல்ப் முழுவதையும் பதியாமல், நம் ஆப்ஷனின் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் உள்ளிருந்து சோதிப்பதே போதும். அட்டவணை, அறிக்கை போல மனிதர் படிக்கும் நீண்ட அவுட்புட்டுக்குத்தான் இந்த வழி பொருந்தும்.

ஷெல்லிலேயே எழுதுவது

பாஷில் டெஸ்ட் எழுத உதவும் பேட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கருவியே பாஷ் ஸ்கிரிப்ட் என்றால் இதை எடுங்கள். வேறு மொழியில் எழுதியது என்றால் அந்த மொழியின் டெஸ்ட் வசதியே மேல். எடுத்தால் இரண்டு இடங்களில் கவனம். கருவியை ஓட்டி விடையைப் பிடிக்கும் பேட்ஸின் ரன் கட்டளைக்குப் பின்னால் பைப் போட்டால், ஷெல் ரன்னையே பைப்புக்குள் தள்ளிவிடும். அது நிரப்பும் ஸ்டேட்டஸும் அவுட்புட்டும் உங்கள் கைக்கு வராது. ஆச்சரியக்குறி போட்டு 'இது தோற்க வேண்டும்' என்று நடுவில் எழுதும் வரியும் நம்பத்தக்கதல்ல. பாஷின் விதிப்படி அது டெஸ்டை நிறுத்தாமல் கடந்துபோகும். பேட்ஸ் 1.5 முதல் அந்தக் குறியை ரன்னுக்குப் பின்னால் எழுதலாம், அப்படி எழுதினால் பிழைத்தீர்கள்.

'கூட்டு' கருவிக்கு என் தேர்வு இது. கூட்டல் கணக்கு, வரியைப் பிரிப்பது எல்லாம் சாதாரண ஃபங்ஷன்கள். அவற்றுக்குச் சாதாரண யூனிட் டெஸ்ட், கமாண்ட் லைன் வாசனையே இல்லாமல். ஆப்ஷன்கள், பிழைச் செய்திகள், கோட் 1, 2 எல்லாம் மெயினை உள்ளே அழைத்து. தனி ப்ராசஸில் ஒரு கைப்பிடி அளவு மட்டும்: நிறுவிய பிறகு கிளம்புகிறதா, கோட் ஷெல் வரை போய்ச் சேருகிறதா, ஹெட்டோடு ஒத்துப்போகிறதா. அறிக்கை வடிவம் ஒன்று சேர்ந்தால் அதற்கு ஒரு பதிவு.

டெஸ்டே இல்லாத பழைய கருவி கைக்கு வந்தால் மட்டும் வரிசையைத் திருப்பிவிடுவேன். அங்கே மெயினைப் பிரிக்கவே பயமாக இருக்கும். முதலில் இன்றைய நடத்தையை, சரியோ தப்போ, அப்படியே பதிந்துகொள்ளலாம். அந்தப் பாதுகாப்பில் மெயினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் யூனிட் டெஸ்ட் வந்ததும், அதே இடத்தைக் காத்த பதிவைத் தயங்காமல் அழித்துவிடலாம்.